கேள்வி பதில்: பழைய வால்வு றேடியோவை உடனே கறண்டில் போடாதீர்கள்

கேள்வி: அப்பப்பாவின் பிலிப்ஸ் வால்வு றேடியோ (உள்ளே கண்ணாடிக் குழாய்கள் உள்ள பழைய வகை) கொழும்பில் பெரியம்மா வீட்டில் இருந்ததால் சண்டையில் அழியாமல் தப்பிவிட்டது. இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?
- வாசகி, நெடுங்கேணி

பதில்: வேண்டாம் தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள். இடம்பெயரும்போது பிள்ளையையும் அரிசியையும் தூக்கினோமே தவிர, மரப்பெட்டியை யார் தூக்கியது? வன்னியில் இப்படியொன்று கையில் இருப்பதே பெரிய விஷயம். அவசரப்பட்டு எரித்துவிடக் கூடாது.

முதலில் பின்மட்டையைக் கழற்றித் தூசு தட்டுங்கள். குளவிக்கூடு இருக்கும். எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் உள்ள வோல்ற் மாற்றி 110இல் நின்றால் 220க்குத் திருப்புங்கள், 245 இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் கறண்ட் 230 அல்லவா.

அப்புறம் கொண்டென்சர்கள், அதாவது கறண்டைத் தேக்கி வைக்கும் பாகங்கள். மெழுகு பூசிய காகிதக் கொண்டென்சர் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஈரம் குடித்துக் கசியும். எல்லாவற்றிலும் ஆபத்தானது கடைசி வால்வின் கிரிட்டுக்கு (ஒலிச் சமிக்ஞை உள்ளே நுழையும் கால்) போகும் சின்னது. அந்த வால்வு இஎல் 84 என்றால், கிரிட்டான 2ஆம் காலில் வோல்ற் பூச்சியமாக இருக்க வேண்டும். கொண்டென்சர் கசிந்தால் அங்கே நேர் (பிளஸ்) வோல்ற் ஏறும். வால்வு அளவுக்கு மீறிக் கறண்டை இழுக்கும், உள்ளே தகடு சிவக்கும், ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் அவுட்புட் றான்ஸ்போமரும் கூடவே போய்விடும். வால்வைத் தேடிப் பிடிக்கலாம், அந்த றான்ஸ்போமர் கிடைப்பது கடினம். ஆகவே அதைச் சோதிக்காமலே மாற்றிவிடுங்கள்: அதே அளவில், 630 வோல்ற் பொலியெஸ்ரர் கொண்டென்சர்.

முதல் தடவை கறண்ட் கொடுக்கும்போது தொடராக ஒரு 60 வாற் இழை பல்ப் போடுங்கள். எல்ஈடி சரிவராது. பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் எங்கோ ஷோட், உடனே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் பெரிய கொண்டென்சரில் 250 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது ஆளைக் கொல்லும். பழகிய மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: சண்டைக்காலத்தில் சைக்கிள் தைனமோவில்தானே செய்தி கேட்டோம். வால்வுப் பெட்டியை அப்படி ஓட்ட முடியாதா?
- வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: முடியாது ஐயா. சைக்கிள் தைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். ட்ரான்சிஸ்டர் றேடியோவுக்கு அது தாராளம். இஎல் 84இன் இழை சூடாகவே 6.3 வோல்ற்றில் 0.76 அம்பியர் வேண்டும், அதாவது ஏறக்குறைய 4.8 வாற். மற்ற வால்வுகள் இருக்கின்றன, 250 வோல்ற்றும் வேண்டும். பற்றரிகூட உள்ளே வரத் தடையாயிருந்த அந்த நாட்களில் வால்வுப் பெட்டிகள் ஊமையாய்ப் போனது அதனால்தான். அயல் சனம் சுற்றி இருக்க, ஆள் மாறி ஆள் பெடல் மிதித்துச் செய்தி கேட்டதை நானும் மறக்கவில்லை.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் அவோ 8 என்ற முள் காட்டும் சோதனை மீற்றர் வாங்கினேன். ஓம் அளவில் உயர்ந்த நிலை மட்டும் வேலை செய்யவில்லை.
- வாசகர், மாங்குளம்

பதில்: அந்த நிலைக்குத் தனியாக 15 வோல்ற் பற்றரி இருக்கிறது. 12 வோல்ற் றிமோட் பற்றரியோடு இரண்டு 1.5 வோல்ற் பொத்தான் செல்களைத் தொடராகச் சேர்த்தால் போதும். மீற்றரை விற்றுவிடாதீர்கள். பல பழைய சேவிஸ் தாள்களில் அச்சிட்ட அளவுகள், வோல்ற்றுக்கு 20,000 ஓம் உள்ள இந்த வகை மீற்றரால் எடுத்தவை. டிஜிற்றல் மீற்றர் சில இடங்களில் கூடுதலாகக் காட்டும். பிழை என்று நினைத்து நல்ல பாகத்தைக் கழற்றிவிடுவீர்கள்.

கேள்வி: உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு புளூரூத் பூட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.
- வாசகர், கிளிநொச்சி

பதில்: தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பின்பக்கம் இசைத்தட்டுப் பெட்டிக்கென்று இரண்டு துளை இருக்கிறதா பாருங்கள். போனின் இடது, வலது வயர்களைத் தலைக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்ரர் வழியே சேர்த்து அதில் கொடுத்தால், பாட்டு வால்வு வழியாகவே வரும். ஒரு நிபந்தனை, உள்ளே வீட்டுக் கறண்டைப் பிரித்து வைக்கும் மெயின்ஸ் றான்ஸ்போமர் இருக்க வேண்டும். யூசிஎச் 81, யூசிஎல் 82 என்று வால்வின் பெயர் யூவில் தொடங்கினால் பெரும்பாலும் அது இருக்காது. கறண்டின் ஒரு வயர் நேரே இரும்புச் சட்டத்தில் தொட்டிருக்கும். அந்தப் பெட்டியில் போனைக் கொடுக்கவே கூடாது.