‘யூ’ தொடரில் வரும் கொலைகாரன் ஜோவைப் பார்வையாளர்கள் ஏன் ரசித்தார்கள்?

அவனுடைய குரல்தான் காரணம். கதை முழுக்க ஜோ, ‘நீ, நீ’ என்று தான் பின்தொடரும் பெக் என்கிற பெண்ணிடம் மனசுக்குள் பேசிக்கொண்டே இருப்பான், நாமும் அவன் தலைக்குள் உட்கார்ந்துதான் பார்க்கிறோம், அதனால் திரை போடாத ஜன்னல் வழியாக பெக்கை அவன் தெருவில் நின்று வேவு பார்ப்பதுகூட ஏதோ அக்கறை மாதிரி தெரிந்துவிடுகிறது.

2018 செப்டம்பரில் அமெரிக்காவின் லைஃப்டைம் சேனலில் வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. டிசம்பர் கடைசியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்ததும் ‘என்னையும் கடத்திட்டுப் போ’ என்கிற அளவுக்கு ட்வீட்கள்! ஜோவாக நடித்த பென் பேட்ஜ்லியே, அவன் கொலைகாரன் என்று ரசிகர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

சரி, நானும் முதலில் அவன் பக்கம்தான். பெக்கின் பழைய போனை எடுத்து வைத்துக்கொண்டு அவளுடைய மெசேஜை எல்லாம் படிக்கிறானே, அங்கேதான் உறைத்தது.