தத்தெடுத்த குழந்தையிடம் எந்த வயதில் சொல்வது? சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன?

உங்கள் கேள்வியில் இரண்டாவது பாதிதான் நிஜமான கேள்வி என்று நினைக்கிறேன். மகளுக்கு மூன்று வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் தெருவுக்கே தெரியும், மளிகைக்கடைக்காரருக்குத் தெரியும், நாத்தனார் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவள்தான். அதை எத்தனை நாள் கட்டிக்காக்க முடியும்? நான் மனநல ஆலோசகர் எல்லாம் இல்லை, நீடாமங்கலம் பக்கம் கொஞ்சம் நிலமும் ஒரு சின்ன உரக்கடையும் வைத்திருக்கிறவன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

2016 கடைசியில், தத்தெடுப்பைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிந்தோம். அதற்குள் பிள்ளை வரம் கேட்டு திருக்கருகாவூர் அம்மன் கோயிலில் நெய் மெழுகி, பிரசாத நெய்யை 48 நாள் சாப்பிட்டு, தஞ்சாவூரில் ஊசி மருந்துக்கு ஒரு போக நெல்லை விற்று, எல்லாம் ஆகியிருந்தது. ஹோம் ஸ்டடிக்கு, அதாவது தத்துக் கொடுக்கும் முன் வீட்டைப் பார்த்து விசாரிக்க, வந்த சமூகப் பணியாளர் என் அம்மாவிடம், "பேத்தியா மனசார ஏத்துக்குவீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா அசராமல், "எங்க மாமனாரே சுவீகாரம் வந்தவருதானே" என்றார்.

எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாற்பதை நெருங்கும் வயதில், ஒரு அதிகாரி முன்னால், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. தாத்தா சுவீகாரம் வந்தவர் என்பதில் எனக்கு ஒன்றுமில்லை, பிள்ளையில்லாத வீட்டுக்கு நிலபுலம் காக்க சுவீகாரம் எடுப்பது எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் சகஜம். ஆனால் சித்தப்பாவுக்குத் தெரியும், அத்தைகளுக்குத் தெரியும், பண்ணையில் வேலை பார்த்த பெரியவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை. நீங்கள் கேட்டதற்கு நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே அதனால்தான்.

இரண்டரை வருஷம் காத்திருந்து 2019 ஜூனில் ஒரு குழந்தையின் படம் வந்தது. 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மொட்டைத் தலை, சிவப்புக் கவுன், கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் எங்கோ பார்க்கிற முகம். ஒன்றேகால் வயது. நாங்கள் ஐந்து நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டிக்கொண்டு வரும்போது திருச்சி தாண்டியதும் என் புது வேட்டியில் வாந்தி எடுத்தாள்.

முதல் மூன்று வாரம் பிள்ளை அழவே இல்லை. ராத்திரி விழித்தால் சத்தமில்லாமல் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். வந்தவர்களெல்லாம் "என்ன சமத்து" என்றார்கள். சமத்தெல்லாம் இல்லை, அழுதால் ஆள் வரும் என்பதே அதற்குத் தெரியாது. விடுதியில் நாலைந்து தொட்டிலுக்கு ஒரு ஆயாம்மா இருந்தால் அப்படித்தான் ஆகும், அவர்களைக் குறை சொல்லவில்லை. நாலாவது வாரம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வீடே அதிர அழுதாள். என் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். இட்லித் துண்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும் பழக்கம் மட்டும் ஒரு வருஷம் இருந்தது. எறும்பு வரும். திட்ட மாட்டோம், தட்டிவிட்டுப் படுப்போம்.

என்னிடம் மட்டும் வர மாட்டாள். பெண்களிடமே வளர்ந்த பிள்ளை, அழப் பழகிய பிறகு மீசையைக் கண்டாலே வீறிடும். இரண்டு மாசம் கழித்து டிவிஎஸ் எக்ஸ்எல்தான் எங்களைச் சேர்த்து வைத்தது. வண்டிச் சத்தம் கேட்டால் "டுர்ர்ர்" என்று ஓடி வருவாள். முன்னால் நிற்க வைத்து வாய்க்கால் ரோட்டில் ஒரு சுற்று. ஹெல்மெட் எங்கே என்று கீழே கேட்க வருகிறவர்களுக்கு: நடக்கிறவன் எங்களை முந்திப் போவான், அவ்வளவுதான் வேகம்.

சொல்வதை ஆரம்பித்தது மனைவிதான், அதுவும் வந்த முதல் மாசத்திலேயே. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "நீ வேற ஒரு அம்மா வயித்துல பொறந்தே, அப்புறம் நாங்க கார் எடுத்துக்கிட்டு வந்தோம்..." என்று. பேச்சே வராத பிள்ளையிடம் எதற்கு இது என்று நான் சண்டை போட்டேன். "அவளுக்கு இல்லீங்க, எனக்குத்தான். இப்பவே தொண்டை அடைக்குது, பத்து வயசுல திடீர்னு எப்படிச் சொல்றது?" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். வாந்தி எடுத்த கதையை நான்தான் அதில் சேர்த்தேன். பிள்ளைக்கு அந்த இடம்தான் உயிர்.

2023 ஆடிப்பெருக்கு. வெண்ணாற்றில் தண்ணீர் நன்றாக ஓடியது. (அவள் வந்த வருஷம் மேட்டூர் ஆகஸ்டில்தான் திறந்தார்கள், ஆடி பதினெட்டை வெறும் மணலில் கும்பிட்டோம்.) அப்பாவின் சித்தி ஒருவர் வந்திருந்தார். பாப்பா கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டே பக்கத்துப் பெண்ணிடம், "பெத்தவ எவளோ, இங்க வந்து சேரணும்னு இதுக்குக் கொடுத்து வச்சிருக்கு" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. பாப்பா தன் சப்பரத்து (சின்னத் தேர்) கயிற்றைப் பிடித்தபடியே, "எவளோ இல்ல அப்பாயி, அவங்க பேரு நமக்குத் தெரியாது. நான் கார்ல வந்தேன். அப்பா வேட்டில வாந்தி எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காகித விஷயம் ஒன்று. தத்துக்கு எங்களுக்கு அப்போது கோர்ட் ஆணை, 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே ஆணை தருகிறார், இப்போது தேவலை. எங்கள் வாய்தா சரியாக சம்பா அறுப்பில் வந்தது. நெல் ரோட்டில் கிடக்கிறது, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நாலு நாளாகத் தள்ளுகிறார்கள், பனி விழுகிறது, தார்ப்பாய் பத்தவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தவன் நெல் மட்டும் எப்படி ஒரே ராத்திரியில் காய்ந்தது என்று நான் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை. குழந்தைக்குச் சட்டப்படி அப்பாவான நாளில் நான் நெல்லை நினைத்துக்கொண்டு நின்றேன் என்பது எனக்கே கேவலமாகத்தான் இருக்கிறது. சரி, அது வேற கதை.

சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அதையும் சொல்ல வேண்டும். இப்போது இரண்டாம் வகுப்பு. போன மாதம் பள்ளியில், பிறந்தபோது எடுத்த படம் ஒட்டி வரச் சொன்னார்கள். எங்களிடம் இருப்பதிலேயே பழையது அந்த சிவப்புக் கவுன் படம்தான். அதை ஒட்டிக்கொண்டிருந்தவள், "அவங்க ஏன் என்னை வச்சுக்கல?" என்றாள். தெரியாதும்மா என்றேன். பதினெட்டு வயசுக்கப்புறம் நீயே கேட்டுத் தேடலாம், அதற்கு விதி இருக்கிறது என்றேன். ஏழு வயசுப் பிள்ளைக்கு அது ஒரு பதிலா? இரண்டு நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. என் அம்மாவோடு சாப்பிட்டாள், என் அம்மாவோடு படுத்தாள்.

மூன்றாம் நாள் கடை திறக்கக் கிளம்பினேன். வந்து முன்னால் ஏறி நின்றாள். இப்போதெல்லாம் வளர்ந்துவிட்டாள், ரோடு மறைக்கிறது, கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருக்கிறது. கடை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.