வீட்டு வரி பாதியாகும் என்கிறார் மேயர் வேட்பாளர்: கட்டுவதா, காத்திருப்பதா?

கேள்வி: சரவணம்பட்டிப் பக்கம் எங்களுக்குச் சொந்த வீடு, 1,100 சதுர அடி. போன வாரம் ‘மேயர் வேட்பாளர்’ என்று ஒருவர் ஆட்களோடு வந்து நோட்டீஸ் கொடுத்தார். ஜெயித்தால் வீட்டு வரி பாதியாகும், 24 மணி நேரமும் தண்ணீர் வரும், வெள்ளலூர் குப்பைக் கிடங்கே இருக்காது என்றெல்லாம் அதில் போட்டிருக்கிறது. அவரோடு வந்தவர் மறுநாள் தனியாக வந்தார். ‘வரிக் குறைப்பு மனு’ போட 1,500 ரூபாயும் ஆதார், வரி ரசீது, பத்திரம் ஆகியவற்றின் நகலும் கேட்டார். நகல்களைக் கொடுத்துவிட்டேன், பணம் இன்னும் கொடுக்கவில்லை. எங்களுக்கு இரண்டு அரையாண்டு வரி பாக்கி இருக்கிறது. ‘போன தடவை கட்டாதவன்தான் புத்திசாலி, பேசாம இருங்க’ என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். காத்திருக்கலாமா? (ஒரு வாசகி, கோவை)

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. இந்த வாரமே கட்டிவிடுங்கள். அந்த 1,500 ரூபாயை மட்டும் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த நோட்டீஸைப் பார்ப்போம். நம் ஊர் ஓட்டுச்சீட்டில் இப்போது ‘மேயர் வேட்பாளர்’ என்று ஒருவரும் கிடையாது. 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயருக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போட்டோம். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள்தான் தங்களுக்குள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022 பிப்ரவரி 19 அன்று நீங்கள் உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டீர்கள். மார்ச் 4 அன்று மேயரை அவர்கள் முடிவு செய்தார்கள். 2024-ல் கோவை மேயர் விலகியபோது அடுத்தவரைத் தேர்ந்தெடுத்ததும் அவர்களேதான், நம்மிடம் யாரும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, பதவி யாருக்கு ஒதுக்கீடு என்பதை அரசு அறிவிக்க வேண்டும். சென்ற முறை கோவை மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் உங்கள் வாசலுக்கு வந்தவர் அதிகபட்சம் ஏதோ ஒரு வார்டின் வேட்பாளர். மற்றதெல்லாம் அவருடைய ஆசை.

சரி, அவரே மேயராகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வரியைப் பாதியாக்க முடியுமா? மேயர் கவுன்சிலர்கள் கூடும் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், தீர்மானம் கொண்டுவருவார். ஃபைலில் கையெழுத்துப் போட்டு வேலையை நடத்துபவர் ஆணையர்; அவரை நியமிப்பது மாநில அரசு. வரி எவ்வளவு ஏற வேண்டும் என்ற வரையறையும் அங்கிருந்துதான் வருகிறது. 2022-ல் நம் மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏற்றியது மாநில அரசு ஆணை. உங்கள் வீடு 50 சதவீதக் கட்டத்தில் வந்திருக்கும். அரையாண்டுக்கு 1,200 கட்டிக்கொண்டிருந்தால் 1,800 ஆகியிருக்கும். ஆண்டுக்கு 6 சதவீத ஏற்றமும் பின்னாலேயே வந்தது. மாநிலத்தின் வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலும் ஏறினால்தான் உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று மத்திய அரசின் 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டது. இவ்வளவும் தலைக்கு மேல் இருக்கும்போது ஒரு மேயர் தன் இஷ்டத்துக்குப் பாதியாக்குவேன் என்றால், ஒன்று அவருக்குச் சட்டம் தெரியாது, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. 2018-ல் ஒரு வரி உயர்வு வந்தது. கூச்சல் கிளம்பி, 2019 நவம்பரில் அரசே அதை நிறுத்தி வைத்துப் பழைய வரியே போதும் என்றது. அப்போது எந்த ஊரிலும் மேயரே கிடையாது என்பதையும் கவனியுங்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை மன்றம் இல்லாமல் தனி அதிகாரிகளே நடத்தினார்கள். ஆகவே அந்த உயர்வைத் தடுத்த புண்ணியத்தை எந்த மேயரும் கேட்க முடியாது. கட்டியவர் பணம் போய்விட்டதா என்றால், போகவில்லை. கூடுதலாகக் கட்டிய தொகை அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழிக்கப்படும் என்று அறிவித்தார்கள். ஒழுங்காகக் கட்டியவருக்கு அது முன்பணம் மாதிரி ஆயிற்று. உயர்வைக் கட்டாதவரும் பழைய வரியைக் கட்டியே ஆக வேண்டியிருந்தது. அதையும் கட்டாமல் ‘ரத்தாகும்’ என்று உட்கார்ந்திருந்தவருக்குப் பாக்கி பாக்கியாகவே நின்றது.

இதில் நிஜமாகவே அடிபட்ட ஒரு கூட்டம் உண்டு: இடையில் வீட்டை விற்றவர்கள். உயர்ந்த வரியைக் கட்டிவிட்டு 2019 தொடக்கத்தில் வீட்டைக் கைமாற்றிய ஒருவர் என்னிடம் வந்தார். கூடுதலாகக் கட்டிய தொகை வீட்டின் வரி விதிப்பு எண்ணில் வரவாக நின்றது. அந்த எண்ணோ வாங்கியவர் பெயருக்குப் போய்விட்டது. இவர் கட்டிய பணம் வாங்கியவரின் அடுத்த ரசீதில் கழிந்தது. கேட்டால் ‘நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்’ என்றார்கள். பேசினார்கள், பணம் வரவில்லை, பேச்சும் நின்றுபோயிற்று. அதனால் வீட்டை விற்கும் யோசனை இருந்தால் மட்டும், கிரய ஒப்பந்தத்திலேயே ‘பின்னால் வரும் வரி வரவு விற்பவருக்கு’ என்று ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள். பத்திர எழுத்தரிடம் சொன்னால் போதும். விற்கப் போவதில்லை என்றால் இதை மறந்துவிடலாம்.

காத்திருந்தால் என்ன நஷ்டம்? தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் தண்டம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தந்த அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கழியும். வாராத குறைப்பை நம்பி இந்த இரண்டையும் ஏன் விட வேண்டும்?

இனி அந்த மனுக்காரர். முப்பது வருஷம் வருவாய்ப் பிரிவில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் காட்டமாகவே சொல்கிறேன். ‘வரிக் குறைப்பு மனு’ என்று தேர்தல் நேரத்தில் ஒன்று கிடையவே கிடையாது. வீட்டின் அளவோ பயன்பாடோ தப்பாகப் பதிவாகியிருந்தால் மறுபரிசீலனை மனு உண்டு. அதை வெள்ளைத்தாளில் நீங்களே எழுதி, வரி விதிப்பு எண்ணைப் போட்டு, மண்டல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கலாம். புரோக்கர் செய்வதும் அதையேதான், நடுவில் ஒரு டீயும் 1,500 ரூபாயும் அதிகம். எனக்குத் தெரிந்து ஒருவன் ஐம்பது வீட்டு மனுக்களை வாங்கி, ஒன்றைக்கூட அலுவலகத்தில் கொடுக்காமல், பேப்பர் கடையில் எடைக்குப் போட்டான். இதே ஆள் அடுத்த மாதம் ‘பாதாள சாக்கடைக் கனெக்ஷனுக்கு முன்பதிவு’ என்று வருவான், அதற்கடுத்து ‘குடிநீர் டெபாசிட்’ என்பான். மாநகராட்சிக்குப் போகிற பணத்துக்கு மாநகராட்சி ரசீது வரும். ரசீது இல்லாத பணம் மாநகராட்சிக்குப் போகவில்லை.

இவர்கள் ஏன் பிழைக்கிறார்கள் என்றால், குற்றம் அலுவலகத்திலும் இருக்கிறது. டேப் பிடித்து அளந்ததாகக் கணக்கு எழுதிவிட்டு, பைக்கை விட்டு இறங்காமலே அளந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோவையில் ட்ரோன் பறக்கவிட்டு அளந்தபோது மக்களிடம் எழுந்த எதிர்ப்பு உங்களுக்கே தெரியும். தப்பை ஏற்றிவைப்பது அவர்கள், இறக்கித் தரச் சொல்லி மூன்று முறை நடப்பது நீங்கள். மூன்றாவது முறை கால் வலிக்கும்போது புரோக்கர் வாசலில் நிற்பான். எத்தனை ஆணையர் மாறினாலும் இந்த ஒரு விஷயம் மாறவில்லை.

நோட்டீஸில் இருக்கும் மற்றவை பற்றி இரண்டு வார்த்தை. 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் சூயஸ் நிறுவனத்தோடு 2018-ல் போட்ட 26 வருஷ ஒப்பந்தம். அது பழைய 60 வார்டுகளுக்கானது. சரவணம்பட்டி 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதனால் ‘எங்கள் பகுதிக்கு எந்தத் திட்டத்தில், எந்தத் தொட்டியிலிருந்து?’ என்று கேளுங்கள், நோட்டீஸ் கொடுத்தவருக்கு வியர்க்கும். வெள்ளலூர் குப்பையைத் தேர்தலுக்குத் தேர்தல் யாராவது அள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அது கிடக்கட்டும். கவுன்சிலரிடம் கேட்க நியாயமானது தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை வண்டி வரும் நேரம், வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டம். 2022 நவம்பரில் தொடங்கிய அந்தச் சபை உங்கள் தெருவுக்கு ஒருமுறையாவது வந்ததா?

கடைசியாக, கொடுத்த நகல்கள். ஆதாரை விடுங்கள், ஊர் முழுக்க ஏற்கெனவே கொடுத்துத்தான் வைத்திருக்கிறோம். பத்திர நகலைத் திரும்ப வாங்கப் பாருங்கள். தராவிட்டால் மண்டல அலுவலகத்தில், ‘என் வரி விதிப்பு எண்ணில் பெயர் மாற்றம் எதற்கும் நான் விண்ணப்பிக்கவில்லை’ என்று ஒரு கடிதம் கொடுத்து முத்திரை போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். இனி யாருக்குப் பத்திர நகல் கொடுத்தாலும் அதன் குறுக்கே ‘இன்ன காரியத்துக்கு மட்டும்’ என்று பேனாவால் எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். வரியை இணையத்தில் கட்டலாம். சர்வர் படுத்துக்கொண்டால் வரி வசூல் மையத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அங்கேயும் அது படுத்துக்கொள்ளும்.