'பழைய விவசாயக் கல்லூரி' என்கிறார்களே, மகளை அனுப்பலாமா?

சிவகாசியில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேக்கேஜிங் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர், "அசல் மிச்சிகன் யுனிவர்சிட்டி ஆன் ஆர்பரில் இருக்கு, இது பழைய விவசாயக் கல்லூரி, பேரில் 'ஸ்டேட்' இருந்தாலே இரண்டாம் தரம்தான்" என்று சொல்லிவிட்டாராம். அனுப்பலாமா என்று கேட்கிறார்.

தாராளமாக அனுப்பலாம். விவசாயக் கல்லூரி என்பது உண்மை, இரண்டாம் தரம் என்பதுதான் தவறு. உங்கள் மகள் படிக்கப்போகும் பாடம் அங்கே முளைத்ததற்கே காரணம், அது விவசாயக் கல்லூரியாக இருந்ததுதான்.

முதலில் அந்த 'ஸ்டேட்'. ஆன் ஆர்பரில் இருப்பதும் மாநில அரசுப் பல்கலைக்கழகம்தான். 1817ல் தொடங்கிய அதற்கு மாநிலத்தின் பெயர் முன்னாடியே போய்விட்டது, பின்னால் வந்தவர்கள் வேறு பெயர் தேட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பல மாநிலங்களில் 'ஸ்டேட்' என்று முடியும் பல்கலைக்கழகங்கள் விவசாயக் கல்லூரியாகவோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகவோ பிறந்தவை. மிச்சிகன் ஸ்டேட் முதல் வகை, அரிசோனா ஸ்டேட் இரண்டாவது வகை. அந்தச் சொல்லை வைத்துத் தரத்தை அளக்க முடியாது.

மிச்சிகன் ஸ்டேட் கதைக்கு வருவோம். 1855ல் மாநிலச் சட்டம் போட்டு, 1857 மே மாதம் 63 மாணவர்களோடு வகுப்பு ஆரம்பித்தபோது, இன்று ஈஸ்ட் லான்சிங் என்று சொல்கிற அந்த இடம் ஓக் மரக்காடு. பாடம் போக தினமும் மூன்று மணி நேரம் வேலை செய்ய வேண்டும், அதாவது மரம் வெட்டி அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டும். 1862ல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம் வந்தது. விவசாயமும் தொழில்நுட்பமும் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகளுக்காக, ஒரு மாநிலத்துக்கு எத்தனை நாடாளுமன்ற உறுப்பினர்களோ, ஆளுக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் அந்த மாநிலத்துக்கு மத்திய அரசு நிலம் ஒதுக்கியது. மிச்சிகனுக்கு 2,40,000 ஏக்கர். அதை விற்ற பணத்தில்தான் கல்லூரி நிமிர்ந்தது. அந்த நிலமெல்லாம் பூர்வகுடி மக்களிடமிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் பறிபோனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. அங்கே தாவரவியல் சொல்லிக்கொடுத்த வில்லியம் பீல், மண்ணுக்குள் கிடக்கும் களைவிதை எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று பார்ப்பதற்காக 1879ல் 20 பாட்டில்களில் விதையும் மணலும் கலந்து வளாகத்தில் புதைத்தார். 2021ல் ஒன்றை எடுத்து விதைத்தார்கள், முளைத்தது! சோதனை இன்னும் முடியவில்லை.

பெரிய வளர்ச்சி ஜான் ஹன்னா காலத்தில் வந்தது. அதே கல்லூரியில் கோழி வளர்ப்பு படித்த மனிதர், 1941 முதல் 1969 வரை தலைவராக இருந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்து, அரசு உதவித்தொகையோடு படைவீரர்கள் கூட்டம் கூட்டமாகப் படிக்க வந்தபோது, கடன் வாங்கி விடுதிகளைக் கட்டி, விடுதி வாடகையிலேயே அந்தக் கடனை அடைத்தார். சுமார் 6,000 மாணவர்கள் இருந்த இடம் 40,000 பேரைத் தொட்டது. பல்கலைக்கழகம் என்ற பெயர் 1955ல் கிடைத்தது, 'விவசாயம்' என்ற சொல் 1964ல் பெயரிலிருந்து போனது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் மருந்துக்கான கண்டுபிடிப்பு 1960களில் அங்கே பார்னெட் ரோசன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் நடந்ததுதான்.

இப்போது உங்கள் மகளின் பாடம். விவசாயக் கல்லூரி என்றால் காடும் மரமும் பாடம், மரம் என்றால் பெட்டி. அந்த வழியில், வனப்பொருள் துறைக்குள்ளிருந்து 1952ல் பேக்கேஜிங் தனிப் படிப்பாக வந்தது. இந்தத் துறையில் பட்டப்படிப்பு தொடங்கிய முதல் இடம் அதுதான். அட்டைப்பெட்டித் தொழில் செய்கிற குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் யோசிக்க வேண்டியது பெயரை அல்ல, பணத்தை. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் குறைந்த கட்டணம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சலுகை மிச்சிகன்வாசிகளுக்குத்தான், வெளிநாட்டு மாணவர்கள் அதைவிட மிக அதிகமாகக் கட்ட வேண்டும். அனுமதிக் கடிதத்தில் இருப்பது வளாகப் படிப்பா இணையவழிப் படிப்பா என்று ஒருமுறை பாருங்கள், மாணவர் விசாவுக்கு வளாகப் படிப்பு வேண்டும். அப்புறம், வங்கிக் கடனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஆய்வு உதவியாளர் வேலை உண்டா, அதில் கட்டணம் எவ்வளவு கழியும் என்று மகளையே துறைக்கு நேராக எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் தொழிலைப் பற்றியும் இரண்டு வரி எழுதட்டும். அடுக்கி வைத்தால் பெட்டி எத்தனை கிலோ தாங்கும் என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பெண் என்று தெரிந்தால், அங்கே இருக்கிற பேராசிரியருக்கு அது வெறும் மதிப்பெண்ணைவிடப் பெரிய விஷயமாகப் படும்.