ஸ்டெம் பிரிண்டுக்குப் புது கம்ப்ரஸர் தேவையா?

கேள்வி: எங்களிடம் 16 சேனல் அனலாக் சம்மிங் மிக்ஸரும் (பல சேனல்களை ஒன்றாகக் கலக்கும் கருவி) ஒரு ஸ்டீரியோ பஸ் கம்ப்ரஸரும் (கலந்த ஒலியின் உரத்த இடங்களை அமுக்கும் கருவி) இருக்கின்றன. பாட்டுக்கு 8 ஸ்டெம் (டிரம்ஸ், பேஸ், குரல் என்று பிரித்த தனித்தனிப் பதிவு) கேட்கிறார்கள். ஒவ்வொன்றாக சோலோ போட்டு ரெக்கார்டு பண்ண ஓர் ஆள் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து இயக்கும் ரீகால் கம்ப்ரஸர் வாங்கினால் எல்லாம் தானாக நடக்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இதற்காக வேண்டாம். வெஸ் ஆடியோ, பெட்டர்மேக்கர் நிறுவனங்களின் கருவிகளில் வரும் ரீகால் நல்ல வசதிதான். பழைய பாட்டைத் திறந்தால் செட்டிங் அப்படியே திரும்பும். ஸ்டெம்களை வரிசையாக ஓட்டிப் பதிவது அதன் வேலையல்ல. எதை வாங்கினாலும் சிக்னல் வெளியே போய்வருவதால் ரியல் டைமில்தான் ஓடும். ஆளை எழுப்பிவிடக் காசு செலவில்லாத வழி இருக்கிறது.

முதலில் மாஸ்டர் பஸ் பிளக்இன்களை அணைத்து, 8 ஸ்டெம்களையும் அததன் ரிவர்போடு, எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கும்படி டிஜிட்டலாகவே பவுன்ஸ் செய்யுங்கள் (கம்ப்யூட்டருக்குள்ளேயே ஃபைலாக்குங்கள்). புது செஷனில் 8 ஸ்டீரியோ டிராக். அவுட்புட் 1-2 முதல் 15-16 வரை. டைம்லைனின் தொடக்கத்தில் எட்டும் சேர்ந்து ஒருமுறை, அதாவது முழு மிக்ஸ். அதன்பின் படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு ஸ்டெம்மும் தனியாக, நடுவே 10 விநாடி இடைவெளி விட்டு. 4 நிமிடப் பாட்டென்றால் 9 ஓட்டம், 37 நிமிடம் 20 விநாடி. ரெக்கார்டு அழுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம். வந்து வெட்டிப் பெயர் வைத்தால் போதும். மறக்காமல் கருவிகளை அரை மணி நேரம் முன்பே ஆன் செய்து வையுங்கள்.

கேள்வி: அப்படிப் பதிந்த ஸ்டெம்களைக் கூட்டினால் முழு மிக்ஸின் அழுத்தம் வருவதில்லையே?

பதில்: வராது. டிரம்ஸ் தனியாகப் போகும்போது கம்ப்ரஸர் டிரம்ஸுக்கு மட்டுமே அமுங்குகிறது. உங்கள் கம்ப்ரஸரில் வெளி சைடுசெயின் இன்புட் (வேறொரு ஒலியைக் கேட்டு அமுக்கச் செய்யும் வழி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழு மிக்ஸின் டிஜிட்டல் பவுன்ஸை ஒன்பதாவது டிராக்கில் 9 முறையும் வைத்து, தனி இரண்டு அவுட்புட் வழியாக அதில் கொடுங்கள். முதல் ஓட்டத்தை உள் சைடுசெயினில் ஓட்டி, கோரஸில் கம்ப்ரஸர் மீட்டரின் முள் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளி சைடுசெயினுக்கு மாற்றி, முள் அதே அளவு இறங்கும்வரை அந்த டிராக்கின் ஃபேடரை நகர்த்துங்கள். சம்மிங் மிக்ஸரின் சாச்சுரேஷனுக்கு (சிக்னல் வலுக்கும்போது சேரும் மெல்லிய சிதைவு) இந்த வித்தை பலிக்காது; தனி ஸ்டெம் அதை அவ்வளவு முட்டாது.

கம்ப்ரஸரை பைபாஸில் போட்டு ஒருமுறை ஓட்டி, 8 ஸ்டெம்மின் கூட்டை, போலாரிட்டி திருப்பிய (அலையைத் தலைகீழாக்கிய) முழு மிக்ஸோடு சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். பேஸ் ஸ்டெம் மட்டும் தெளிவாக மிஞ்சினால், ஓட்டத்துக்கு நடுவே அந்த சேனலின் கெயின் மாறியிருக்கலாம். நாபையும் கேபிளையும் சோதியுங்கள். ஹிஸ் மிஞ்சுவது இயல்பு. 8 ஓட்டத்தின் இரைச்சல் சேர்ந்தால் ஏறக்குறைய 9 டிபி கூடும், எனவே ஸ்டெம் மௌனமாக இருக்கும் இடங்களை ஃபேடு போட்டு வெட்டிவிடுங்கள்.

காசு போட வேண்டிய இடம் அவுட்புட்தான். சம்மிங்குக்கு 16, சைடுசெயினுக்கு 2, மானிட்டருக்கு 2, ஆக 20. எட்டு லைன் அவுட்டும் இரண்டு ஏடாட் போர்ட்டும் (ஒரே ஆப்டிகல் கேபிளில் பல சேனல் அனுப்பும் வழி) உள்ள இன்டர்ஃபேஸில், எட்டு சேனல் கன்வெர்ட்டர் இரண்டைச் சேர்த்தால் 48 கிலோஹெர்ட்ஸில் 24 கிடைக்கும். 96-இல் ஏடாட் கேபிளுக்கு 4 சேனல்தான். மொத்தம் 16-ஆகக் குறைந்துவிடும். கடையில் 48-க்கான எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள்.