மிட்டிலீனிக்குப் போன இரண்டாவது கப்பல்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸைப் பற்றியவை. முப்பது வருடம் வரலாற்றுப் பாடம் நடத்திய எனக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இருபத்தேழு வருடம் போர். அந்த ஊரில் சாக்ரடீஸ் எப்படி நிம்மதியாக உட்கார்ந்து யோசித்தார்?

பதில்: அவருக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. அவரே அந்தப் போரில் கேடயமும் ஈட்டியும் ஏந்தி நின்ற காலாட்படை வீரர். வட கிரேக்கத்தில் உள்ள பொட்டிடேயா ஊரின் முற்றுகையில் உறைபனி மேல் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். அடிபட்டுக் கிடந்த தன் இளம் நண்பர் அல்சிபியாடிஸைக் காப்பாற்றியதும் அங்கேதான். கி.மு. 424-இல் டெலியத்தில் ஏதென்ஸ் படை சிதறி ஓடியபோது, நாற்பத்தைந்து வயதிருக்கும் சாக்ரடீஸ் பதறாமல் நடந்தே திரும்பினார்.

எனக்குப் பிடித்தது இன்னொரு காட்சி. பொட்டிடேயா பாசறையில் ஒருநாள் காலையில் ஏதோ ஒன்றை யோசித்தபடி நின்றவர், மதியமாகியும் நகரவில்லை. ராத்திரி அயோனிய வீரர்கள் சிலர் படுக்கையை வெளியே கொண்டுவந்து போட்டு, இவர் எவ்வளவு நேரம்தான் நிற்பார் என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்கள். பொழுது விடிந்ததும் சூரியனைக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். பிளேட்டோ இதை அல்சிபியாடிஸின் வாயால் சொல்ல வைக்கிறார். எது வீரம், எது நீதி என்று சாக்ரடீஸ் பின்னால் சந்தையில் நின்று கேட்ட கேள்விகளெல்லாம் இப்படிப்பட்ட இடங்களைப் பார்த்து வந்தவர் கேட்டவை.

கேள்வி: பெண்களுக்கும் அடிமைகளுக்கும் ஓட்டில்லாத ஊரை மக்களாட்சி என்று சொல்லலாமா?

பதில்: அவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். கி.மு. 451-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய், தகப்பன் இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. போரின் பின்பகுதியில், ஸ்பார்ட்டா ஏதென்ஸுக்குப் பக்கத்தில் டெக்கிலியாவில் கோட்டை கட்டிக்கொண்ட பிறகு, இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடினார்கள். அவர்களுக்கு ஓட்டில்லை, ஆனால் அவர்களுடைய அபிப்பிராயம் என்ன என்று இந்த எண்ணிலிருந்தே தெரிகிறது.

கேள்வி: பெரிக்ளிஸ் செய்த பெரிய தவறு எது?

பதில்: அவருடைய திட்டம் முட்டாள்தனமானதல்ல. தரையில் ஸ்பார்ட்டாவை வெல்ல முடியாது. கடலில் ஏதென்ஸை யாரும் வெல்ல முடியாது. அதனால் கிராமத்து ஜனங்களையெல்லாம் மதிலுக்குள் கொண்டுவந்துவிட்டு, வயல்களை எதிரி எரித்தால் எரிக்கட்டும், தானியம் பைரேயஸ் துறைமுகம் வழியாக வரும் என்று கணக்குப் போட்டார். அதே துறைமுகம் வழியாகக் கி.மு. 430-இல் கொள்ளைநோயும் வந்தது. கோடை வெயில், மூச்சு முட்டும் குடிசைகள், தாகம் தாங்காமல் தண்ணீர்த் தொட்டிகளில் விழுந்தவர்கள்... காலாட்படையில் மட்டும் 4,400 பேர் செத்தார்கள்.

வரலாற்றாசிரியர் துசிடிடிஸுக்கும் அந்த நோய் வந்து பிழைத்தார். ஒருமுறை வந்து பிழைத்தவரை அது மறுபடி கொல்வதில்லை, அதனால் பிழைத்தவர்களே பயமில்லாமல் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். பெரிக்ளிஸ் பிழைக்கவில்லை. முதலில் இரண்டு மகன்களும் போனார்கள், கி.மு. 429-இல் அவரும் போனார். சாவதற்கு முன், மிலேட்டஸ் ஊர்க்காரியான அஸ்பாசியா மூலம் பிறந்த மகனுக்குக் குடியுரிமை தரச் சொல்லி, தன் சட்டத்துக்கே விலக்குக் கேட்டு மக்கள் முன் நின்றார். கொடுத்தார்கள். அந்த மகனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேள்வி: அந்தப் போரில் உங்களால் மறக்க முடியாத சம்பவம்?

பதில்: மிட்டிலீனி. கி.மு. 427. லெஸ்போஸ் தீவில் உள்ள இந்த ஊர் ஏதென்ஸின் கூட்டாளி. கூட்டை முறித்துக் கிளம்பியது, முற்றுகையில் தோற்றது. ஏதென்ஸ் சபை கூடிக் கோபத்தோடு முடிவெடுத்தது: ஆண்கள் எல்லோரையும் கொல்ல வேண்டும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்க வேண்டும். அன்றைக்கே உத்தரவோடு ஒரு கப்பல் கிளம்பிவிட்டது.

அப்புறம் தூங்கி எழுந்தார்கள். குற்றம் செய்தவர்களோடு ஊர் முழுவதையும் அழிப்பதா என்று மனசு உறுத்தியது. மறுநாளே சபை மறுபடியும் கூடியது. கொல்லத்தான் வேண்டும் என்று பேசியவன் கிளியோன். மக்களாட்சியால் பேரரசை நடத்த முடியாது, இரக்கப்பட்டால் அழிந்துபோவீர்கள் என்றான். எதிர்த்துப் பேசியவர் டியோடோட்டஸ். இந்த ஒரு பேச்சைத் தவிர அந்த மனிதரைப் பற்றி வரலாற்றில் வேறு எதுவும் இல்லை. அவர் இரக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சரணடைந்தவனையும் கொல்வீர்கள் என்று தெரிந்தால் அடுத்த ஊர்க்காரன் கடைசி மூச்சுவரை சண்டை போடுவான், உங்களுக்குத்தான் நஷ்டம் என்றார். ஆயுதம் கைக்கு வந்ததும் ஊரை நம்மிடம் ஒப்படைத்தது அங்குள்ள சாதாரண ஜனங்கள்தானே, அவர்களையும் சேர்த்துக் கொல்வதா என்றும் கேட்டார். கைகளைத் தூக்கச் சொன்னார்கள். கிட்டத்தட்ட சரிபாதி. கொஞ்சம் அதிகமாக டியோடோட்டஸ் பக்கம்.

வகுப்பில் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, கப்பல் போய்விட்டதே, என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். எப்போதும் ஒரு குழந்தையாவது, இன்னொரு கப்பல் அனுப்புவோம் என்று கத்தும்.

அதைத்தான் செய்தார்கள். முதல் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முந்திப் போயிருந்தது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். மிட்டிலீனித் தூதர்கள் ஒயினும் வாற்கோதுமை மாவும் ஏற்றிவிட்டு, முதலில் போய்ச் சேர்ந்தால் பெரிய வெகுமதி என்றார்கள். துடுப்புக்காரர்கள் மாவை ஒயினிலும் எண்ணெயிலும் பிசைந்து, துடுப்புப் போட்டபடியே தின்றார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். எதிர்க்காற்று அடிக்கவில்லை. முதல் கப்பல்காரர்களோ இந்தக் கொடிய வேலைக்காக அவசரப்படவே இல்லை. தளபதி பாக்கிஸ் முதல் உத்தரவைப் படித்து முடித்து, நிறைவேற்றப் போகும் சமயத்தில் இரண்டாவது கப்பல் கரைக்கு வந்தது.

ஆயினும் கலகத்துக்குத் தலைமை தாங்கியவர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் கொன்றார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன்.

கேள்வி: அதே ஏதென்ஸ்தானே மெலோஸ் தீவை அழித்தது?

பதில்: ஆமாம், பதினோரு வருடம் கழித்து, கி.மு. 416-இல். எந்தப் பக்கமும் சேராமல் இருக்க விடுங்கள் என்று கேட்ட ஊர் அது. ஆண்களைக் கொன்றார்கள், மற்றவர்களை விற்றார்கள், தங்கள் ஆட்கள் 500 பேரைக் குடியேற்றினார்கள். இந்தத் தடவை யாரும் மறுநாள் சபையைக் கூட்டவில்லை.

கேள்வி: சாக்ரடீஸைக் கொன்றது மக்களாட்சி. அப்படியானால் பிளேட்டோ அதை வெறுத்தது நியாயம்தானே?

பதில்: கி.மு. 399-இல் தீர்ப்புச் சொன்னது மக்கள் நீதிமன்றம்தான், மறுக்க முடியாது. அதற்கு முன்பே கி.மு. 406-இல் ஒரு கொடுமை நடந்தது. அர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் ஜெயித்தது. ஆனால் போரில் சேதமடைந்த கப்பல்களின் ஆட்களைப் புயலில் காப்பாற்றவில்லை என்று தளபதிகள் மேல் ஊருக்குக் கோபம். எட்டுப் பேரையும் தனித்தனியாக விசாரிக்காமல் ஒரே ஓட்டில் தண்டிக்கப் பார்த்தார்கள். அன்று சபையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ், இது சட்டவிரோதம், சம்மதிக்க மாட்டேன் என்று தனியாக நின்றார். கேட்கவில்லை. ஊரில் இருந்த ஆறு பேரைக் கொன்றார்கள். அதில் ஒருவர், முன்னால் சொன்னேனே, அஸ்பாசியாவின் மகன். பின்னால் வருந்தினார்கள். ஆனால் துரத்திப் பிடிக்க அங்கே கப்பல் எதுவும் இல்லை.

சரி, மக்களாட்சி இல்லாதபோது என்ன நடந்தது? கி.மு. 404-இல் தோற்ற ஏதென்ஸை ஸ்பார்ட்டாவின் தயவில் முப்பது பேர் ஆண்டார்கள். முக்கியமானவர் கிரிட்டியாஸ், பிளேட்டோவின் தாய்வழிச் சொந்தக்காரர். எதிர்த்துப் பேசியவர் தங்களில் ஒருவரான தெராமினிஸ். பலிபீடத்திலிருந்து இழுத்துப்போய் ஹெம்லாக் விஷம் கொடுத்தார்கள். சலாமிஸ் ஊர் லியோனைப் பிடித்துவரச் சொல்லி சாக்ரடீஸுக்கும் உத்தரவு வந்தது. அவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆட்சி சீக்கிரம் விழுந்திராவிட்டால் அப்போதே அவர் கதை முடிந்திருக்கும்.

குருவை இழந்தபோது பிளேட்டோவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய துக்கம் எனக்குப் புரிகிறது. அவர் வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது பேரின் ஆட்சியில் ஒரு டியோடோட்டஸ் எழுந்து பேசியிருக்க முடியாது.

கேள்வி: இதையெல்லாம் எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில்: துசிடிடிஸின் மூன்றாம் பாகத்தில் மிட்டிலீனி விவாதத்தை முதலில் படியுங்கள். கிளியோனின் பேச்சு முடிந்ததும் ஒருநாள் நிறுத்தி, உங்கள் கை எந்தப் பக்கம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அதன் பிறகு டியோடோட்டஸைப் படியுங்கள்.