ஈரலிலும் இதயத்திலும் மனம் குடியேறியது எப்படி?

மனவருத்தத்தை மலாய்க்காரர்கள் ஏன் ஈரலோடு சேர்த்துச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மலாய்க்காரரிடம் 'ஹாத்தி' என்று கேட்டால் ஈரலை நிறுத்துத் தருவார். அவர் மனம் புண்பட்டாலோ 'சாக்கிட் ஹாத்தி', அதாவது ஈரல் வலி. துடிக்கும் இதயத்துக்கு 'ஜாந்துங்' என்று தனிச்சொல் இருக்கிறது. நாம் மட்டும் என்னவாம்? 'ஈரக்குலை நடுங்கியது' என்கிறோமே!

பயந்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலங்குகிறது. உடல் காட்டிய இடத்திலேயே மனத்தையும் குடிவைத்துவிட்டார்கள். அரிஸ்டாட்டிலே உணர்வின் இருப்பிடம் இதயம்தான் என்றார். மூளை அவருக்கு வெறும் குளிர்விப்பான். பிறகு கிரேக்க மருத்துவர் கேலன் மூளைக்காக வாதாடினார், பேச்சுவழக்கு அசையவில்லை.

ஆங்கிலத்தில் மனம் உருகும்போது சொல்லப்படும் 'இதய நாண்'களும் (heartstrings) பழைய உடற்கூற்றியல் தந்தவையே. இதயத்தைத் தாங்குபவை அவை என்று அன்று நம்பினார்கள். இதயத்துக்குள் நாண்கள் இருப்பது உண்மைதான். ஆனால் ரத்தம் பின்னோக்கிப் பாயாதபடி வால்வுகளை இழுத்துப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை.